“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்யலாம், தள்ளியும் போடலாம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அந்த இளம் டாக்டர் அம்மாவையே கேட்டார். டாக்டருக்கே தெரியாதா என்று அம்மா பயப்படுகிறார். வேறு டாக்டரைப் பார்க்கலாமா?”

வேண்டாம், அவரிடமே திரும்பப் போங்கள். அப்படிக் கேட்கும்படிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நோயாளியாக நடிக்கப் பழகிய ஒருவரை எதிரில் உட்காரவைத்து மாணவரைப் பேசவிடும் முறையை 1963-ல் லாஸ் ஏஞ்சலீசில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் தொடங்கினார். இன்று பல நாடுகளில் தேர்வே இப்படித்தான் நடக்கிறது. நோயின் பெயரைச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டாரா, சொன்னது புரிந்ததா என்று பார்த்தாரா, அதற்கெல்லாம் மார்க் உண்டு. 2012-ல் கிளின் எல்வின் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பதை மூன்று கட்டப் பேச்சாக வகுத்தார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது என்று சொல்வது, ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மை தீமையை விளக்குவது, நோயாளிக்கு எது முக்கியமோ அதை வைத்துச் சேர்ந்து முடிவெடுப்பது.

மாணவர்கள் தடுமாறுவது இரண்டாவது கட்டத்தில். அவசர அவசரமாக விளக்கிவிட்டு நேரே கேள்விக்குத் தாவிவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். விவரம் கொடுக்காமல் முடிவை மட்டும் கேட்டால் யாருக்கும் பயம்தான் வரும்.

மாரடைப்பு என்றால் இப்படி உட்கார்ந்து பேச நேரமே கிடையாது. முழங்கால் தேய்மானம் அப்படி இல்லை. ஆபரேஷன் பெரும்பாலானவர்களுக்கு வலியை நன்றாகவே குறைக்கிறது, ஆனால் 10 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வலி தங்கிவிடுகிறது, மண்டியிடுவதும் தரையில் உட்கார்ந்து எழுவதும் பலருக்குச் சிரமமாகவே இருக்கும், பல வாரங்கள் விடாமல் உடற்பயிற்சி செய்ய வேண்டும், சர்க்கரை ஏறியிருந்தால் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடும். தள்ளிப்போடுவதாக இருந்தால் தொடைத் தசைக்குப் பயிற்சி, எடை குறைப்பு, வலி மாத்திரை. அதிலும் புரூஃபன் வகை மாத்திரைகளைச் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடக் கூடாது, சிறுநீரகம் கெடலாம்.

இதில் எது சரி என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அம்மாவுக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் போதுமா, தைப்பூசத்துக்குக் காவடியோடு நடக்க வேண்டுமா, கோயிலில் தரையில் உட்கார்ந்தே ஆக வேண்டுமா? அதை அம்மாதான் சொல்ல முடியும், டாக்டர் கேட்டதும் அதற்காகத்தான்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? “ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். “10 பேரில் எத்தனை பேருக்கு?” என்று கேளுங்கள். அப்புறம், “உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். சேர்ந்து முடிவெடுப்பது என்றால் டாக்டர் தன் கருத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் கற்பிப்பதில்லை. அவர் சொன்னதை அம்மா தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும், தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் கூடவே இருங்கள், ஆனால் முதலில் அம்மா பேசட்டும்.

தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 6-ஆம் பிரிவு, சிகிச்சை வழிகள், அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில். அம்மாவுக்குத் தமிழில்தான் தெளிவாகப் புரியும் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாமல் அரசு மருத்துவமனை என்றால் வரிசை நீளமாக இருக்கும். பெயரை இப்போதே பதிந்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் பயிற்சியையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். முறை வரும்போது வேண்டாம் என்று தோன்றினால் மறுக்கவும் அம்மாவுக்கு உரிமை உண்டு.