விளம்பரம் இல்லாமல் ஒரு டிவி எப்படி ஓடும்? ராமநாதபுரம் கரையில் அப்படி ஒன்று சாத்தியமா?

ஓடும், பார்ப்பவர்கள் காசு கொடுத்தால். அமெரிக்காவில் ‘டெமாக்ரசி நவ்’ என்ற செய்தி நிகழ்ச்சி, முதலில் வானொலியிலும் பிறகு டிவியிலும், 1996 முதல் அப்படித்தான் நடக்கிறது. விளம்பரம், கம்பெனிப் பணம், அரசு நிதி எதுவும் வாங்குவதில்லை. அங்கே சட்டமும் கைகொடுக்கிறது: செயற்கைக்கோள் டிவி நிறுவனங்கள் தங்கள் அலைவரிசைகளில் 4 சதவீதத்தை லாப நோக்கற்ற கல்வி நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். 1995இல் தொடங்கிய ‘ஃப்ரீ ஸ்பீச் டிவி’ என்ற சேனல் டிஷ் ஆண்டெனா வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

நம் ஊரில் கதை வேறு. செய்திச் சேனல் உரிமம் கேட்கவே கம்பெனிக்கு 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருக்க வேண்டும். மண்டபம் ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம் இதற்கு எங்கே போகும்?

சரி, வானொலி? அது நடந்திருக்கிறது. பாம்பனில் ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. ஆனால் இங்கே ஒரு முள் உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். காற்று, அலை, 61 நாள் தடைக்காலம் பற்றியெல்லாம் பேசலாம். பக்கத்து ஜெட்டியில் படகு பிடிபட்டதைத் தன் நிருபரை வைத்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இப்போதைக்கு மிச்சமிருப்பது யூடியூப். உரிமம் தேவையில்லை, ஒரு செல்போன் போதும். அப்புறம் மாதாமாதம் சந்தா கொடுக்க ஆள் சேர்க்க வேண்டும், கஷ்டமே அதில்தான்.