தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை மொபெட்டில் ஒருவர் 'ஆசிட், பினாயில்' என்று கூவிக்கொண்டு வருவார். பழைய குடிநீர் பாட்டிலில் ஒரு லிட்டர் ஆசிட் 40 ரூபாய். கடையில் விற்கும் கழிவறை கிளீனர் பாதி அளவுதான், விலை இரண்டு மடங்குக்கும் மேல். இவர் ஆசிட்டை ஊற்றினால் உப்புக்கறை நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. 'கம்பெனிக்காரனுக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்?' என்கிறார் என் மாமியார். அவர் சொல்வது சரியா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கணக்காகப் பார்த்தால் மாமியார் சொல்வதில் பாதி சரி. இரண்டிலும் கறையைக் கரைப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஹைட்ரோகுளோரிக் அமிலம். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் டைல்ஸில் கார்பனேட்டாகப் படிந்து இறுகுவதைத்தான் உப்புக்கறை என்கிறோம். அமிலம் பட்டதும் அது கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நீங்கள் பார்க்கும் நுரை அந்த வாயுதான்.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். தொழிற்சாலைகளுக்கு டேங்கரிலும் பெரிய கேன்களிலும் போகும் இந்த அமிலத்தின் வீரியம் 30 முதல் 33 சதவீதம். மூடியைத் திறந்தாலே வெள்ளையாகப் புகைந்து மூக்கில் ஏறும். கடை கிளீனரில் இருப்பது 10 சதவீதத்தை ஒட்டித்தான். கூடவே பீங்கானில் வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளக் கெட்டிப்படுத்தும் பொருளும், எங்கே ஊற்றினோம் என்று தெரிய நிறமும் சேர்த்திருப்பார்கள். மொபெட்காரர் கேனிலிருந்து எடுத்ததில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்? அவரிடமே கேட்டுப் பாருங்கள், 'நல்ல சரக்கும்மா' என்பதைத் தாண்டிப் பதில் வராது. ஒரு வாரம் கறையே போகாது, அடுத்த வாரம் கையைப் பொசுக்கும். மஞ்சளாக இருந்தால் பவர் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்த மஞ்சள் பெரும்பாலும் அமிலத்தில் கலந்துவிட்ட இரும்பால் வருவது. வீரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

40 ரூபாயில் மிச்சம் பிடித்ததை அது வேறு வழியில் வசூலித்துவிடும். உங்கள் குளியலறைக் குழாயின் பளபளப்பு மங்கியிருக்கிறதா, தண்ணீர் போகும் ஸ்டீல் ஜல்லடையில் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அமிலம் நேராகப் படவே வேண்டாம், புகையே போதும். டைல்ஸின் மேல்பூச்சு தாங்கும். டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட் தாங்காது. அது அரித்துப்போனால் தண்ணீர் கீழே இறங்கும். மார்பிளும் மொசைக்கும் உப்புக்கறையின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஊற்றினால் கறையோடு தரையும் கரையும்.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பயம் அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான். குடிநீர் பாட்டிலில் தண்ணீர் போலவே ஒரு திரவம், எந்தச் சீட்டும் இல்லாமல், குளியலறை மூலையிலோ சமையலறைத் தொட்டிக்குக் கீழேயோ நிற்கிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கும், இரவில் கண் சரியாகத் தெரியாத தாத்தாவுக்கும் அது தண்ணீர்தான். அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, மாதம், வருடம், விலை, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். மொபெட் பாட்டிலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது?

லேசான கறைக்கு சிட்ரிக் அமிலத் தூள் போதும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேளுங்கள். வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மார்பிளில் மட்டும் இதுவும் கூடாது.

கேள்வி: ஆசிட் வாங்கப்போன இடத்தில் ஆதார் நகல் கேட்டு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்தும் போடச் சொன்னார் கடைக்காரர். நம்மைத் திருடன் போல நடத்தலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கோபப்படாதீர்கள், சட்டத்தை மதிக்கும் கடை அது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று போட்ட உத்தரவின்படிதான் அவர் நடக்கிறார். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு கொடுத்த படமுள்ள அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். காரணத்தைக் கேட்டுக் குறிக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்குத் தரக்கூடாது. கையிருப்பை 15 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். இதை எல்லாக் கடைகளும் கடைப்பிடிக்கின்றனவா என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். இணையத்தில் ஆர்டர் போட்டும் ஆசிட் வாங்க முடிந்தது 2022 டிசம்பரில் டெல்லியில் ஒரு பள்ளி மாணவி மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகுதான் பெரிய பேச்சானது.

கேள்வி: இரண்டு வருட இன்வெர்ட்டர் பேட்டரி. பேக்கப் குறைந்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், 'ஆசிட் டவுன் ஆயிடுச்சு சார், புதுசா ஊத்தினா சரியாயிடும், 900 ரூபாய்' என்கிறார். ஊற்றலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். முழு சார்ஜில் அதன் அடர்த்தி எண் 1.25க்கு மேல் இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஆவியாகவும் வாயுவாகவும் வெளியே போவது தண்ணீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே இருக்கும். ஆகவே குறைந்ததற்கு ஈடாக ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்.

அப்படியானால் மெக்கானிக்கின் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஏன் குறைத்துக் காட்டியது? பேட்டரி சரியாக சார்ஜ் ஏறாமல் கிடந்தால் அமிலத்தில் உள்ள சல்பேட் ஈயத் தகடுகளில் படிந்துவிடும். மீட்டரில் எண் இறங்குவது அதனால்தான். மேலே புது ஆசிட் ஊற்றினால் எண் ஏறும், மெக்கானிக்கும் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். படிந்தது படிந்தபடியே இருக்க, கூடுதல் அமிலம் தகடுகளை வேகமாக அரிக்கும். சில மாதத்தில் புது பேட்டரி வாங்க அவரிடமே போவீர்கள். முதலில் ஒரு இரவு முழுக்க சார்ஜ் ஏறவிட்டு, ஆறு செல்களையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் வெகுவாகக் கீழே இருந்தால் அந்த செல் போய்விட்டது என்று அர்த்தம். வாரன்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். காலம் பாக்கியிருந்தால் வெளி மெக்கானிக்கைத் தொடவே விடாதீர்கள். பேட்டரி கவிழ்ந்து அமிலம் கொட்டியிருந்தால் மட்டுமே அமிலம் சேர்க்கும் பேச்சு வரலாம், அதையும் சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் ஊற்றும்போது சார்ஜரை அணைத்துவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர்கள் உண்டு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். வெடித்தால் அமிலம் நேராக முகத்துக்கு வரும். சாமி விளக்குக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சாமிதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: ஆசிட் ஊற்றியும் நாற்றம் போகவில்லை என்று மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவினேன். மூச்சு முட்டி வெளியே ஓடிவந்துவிட்டேன். ஏன்? (வாசகி, கடலூர்)

பதில்: வெளியே ஓடியது நல்ல காரியம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் திறந்துவிடப்பட்டதும் அதே வாயு. கதவை அடைத்த கழிவறையில் கொஞ்சம் போதும். இனி ஒன்று போட்டால் மற்றொன்று அன்றைக்கு வேண்டாம். இருமலோ நெஞ்சு இறுக்கமோ மிச்சமிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

கேள்வி: கையில் ஆசிட் பட்டால் உடனே எதைத் தடவ வேண்டும்? பேஸ்ட்டா, மஞ்சளா? (வாசகர், தர்மபுரி)

பதில்: எதையும் தடவ வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். நமக்கு இரண்டு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும். நனைந்த துணி, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஆப்பசோடா போட்டு அமிலத்தை முறிக்கிறேன் என்று தோலில் வேதியியல் செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. இறங்கும்போது தொண்டையைப் பொசுக்கியது ஏறும்போது இன்னொரு முறை பொசுக்கும். பாட்டிலைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். 'என்ன குடித்தார்?' என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. சீட்டு இல்லாத பாட்டிலாக இருந்தால் அவருக்குக் காட்ட உங்களிடம் ஒன்றுமிருக்காது.

துருக்கறை நீக்கும் திரவங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். பட்டதும் எரியாமல், சில மணி நேரம் கழித்து எலும்பு வரை வலிக்கும். உடம்பின் கால்சியத்தைப் பிடித்து இதயத்தையே நிறுத்தக்கூடியது. அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு என்று தனி வைத்தியம் இருக்கிறது. அமிலத்தின் பெயரைச் சொன்னால்தான் கொடுப்பார்கள். சீட்டில் 'ஃப்ளூரிக்', 'ஃப்ளூரைடு' என்று இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: வீடு சுத்தம் செய்யும் சேவைக்கு 6,000 ரூபாய் கொடுத்தோம். வந்த பையன்கள் மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றி, தரையே சொரசொரவென்று வெளுத்துவிட்டது. 'கல்லு சரியில்ல' என்கிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கல் சரியாகத்தான் இருந்திருக்கும். இது சேவைக் குறைபாடு. தரையைப் பாலிஷ் போட்டு மறைப்பதற்குள் படம் எடுங்கள். காலி பாட்டில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். பில்லையும் அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். மார்பிள் வேலை செய்பவர் ஒருவரிடம் சரிசெய்யும் செலவை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: பாதி பாட்டில் பாத்ரூம் ஆசிட் மீந்து கிடக்கிறது. எப்படி ஒழிப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வெட்டவெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் பிடியுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஆசிட்டைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது, சூடேறித் தெறிக்கும். பிறகு ஆப்பசோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நுரைப்பது நின்றதும் கழிவறையில் கொட்டி நிறையத் தண்ணீர் விடலாம். பேட்டரி ஆசிட்டுக்கு இந்த வேலையே வேண்டாம், பழைய பேட்டரியோடு கடைக்குத்தான் போக வேண்டும். காலி பாட்டிலைக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டுக் குப்பையில் போடுங்கள். அப்படியே போட்டால் யாராவது அதில் தண்ணீர் பிடிப்பார்கள். இல்லையென்றால் அது மறுபடி மொபெட்டில் ஏறி உங்கள் தெருவுக்கே வரும்.