புயல் வந்தால் மாட்டைக் கட்டி வைப்பதா, அவிழ்த்துவிடுவதா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். ஆறு மாடு, பதினைந்து ஆடு இருக்கின்றன. கஜா புயலில் கொட்டகை சாய்ந்து இரண்டு கறவை மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்துப்போயின. அவசரத்தில் புதைத்துவிட்டோம், நிவாரணமும் கிடைக்கவில்லை. இனி எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டி வைப்பதா, அவிழ்த்துவிடுவதா? மாட்டு டாக்டரை எப்போது கூப்பிடுவது?

பதில்: அவிழ்த்துவிடுங்கள். அதில் மறுயோசனையே வேண்டாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்த பிறகு, உங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு மாடுகளுக்குச் சிகிச்சை தர வந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் ஓட்டுக் கொட்டில் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கூரை ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. மறுபக்கம் மாடு நகர்ந்து நிற்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் கட்டியிருந்தது நைலான் கயிறு. மாடு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, கழுத்தில் விரல்கூட நுழையாதபடி பதிந்துவிட்டது. செத்த மாட்டிலிருந்து அதை அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தோம்.

அதற்காக ரோட்டில் துரத்திவிடச் சொல்லவில்லை. அதே புயலில் கோடியக்கரைக் காட்டில் கட்டில்லாமல் திரிந்த மான்களும் குதிரைகளும்கூடச் செத்தன. பெரிய மாடுகளை மரம், மின்கம்பம், தகரக் கொட்டகை எதுவும் பக்கத்தில் இல்லாத மேட்டுக்கு, காற்று வலுக்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் ஓட்டிவிடுங்கள். ஆடும் கன்றும் ஈரக் குளிர் தாங்காது. அவற்றுக்குக் கான்கிரீட் கூரை வேண்டும், வீட்டுத் திண்ணையானாலும் சரி. காதில் 12 இலக்க அடையாள எண் வில்லை இல்லாத மாட்டுக்கு இப்போதே போட்டுவிடுங்கள். போட்ட வில்லை தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். உம்பளச்சேரி மாடு எப்படியும் வீடு தேடி வந்துவிடும் என்பார்கள். கலப்பின மாட்டை அப்படி நம்பி விடாதீர்கள்.

டாக்டரை எப்போது கூப்பிடுவது என்றால், செப்டம்பரில். பலரும் மாடு விழுந்த பிறகுதான் தேடுகிறார்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் முதலில் வருவது தொண்டை அடைப்பான், அப்புறம் சப்பை நோய். தடுப்பூசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புயல் சின்னம் உருவான பிறகு ஊசி போட்டு என்ன பயன்? ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசியும் ஆட்டுக்கொல்லி ஊசியும் விட்டுப்போயிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

புயலுக்குப் பிறகு நான் அதிகம் பார்த்த கேஸ் காயம் இல்லை, அரிசி. வைக்கோல் போர் நனைந்துவிடும், மாடு பசியில் கத்தும், மனசு கேட்காமல் நனைந்த அரிசியையோ வடித்த சோற்றையோ வாளி நிறைய வைத்துவிடுவார்கள். வயிற்றில் புளிப்பேறி, அசை போடுவது நின்று, புளித்த நாற்றத்தோடு கழியும். கவனிக்காவிட்டால் மாடு படுத்துவிடும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், டாக்டர் வரும்வரை 100 கிராம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். தலையை அதிகம் தூக்காதீர்கள், நாக்கை இழுக்காதீர்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க ஒரு வாரத்துக்கான வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மேட்டில் தனியாக வையுங்கள். பூசணம் பிடித்த வைக்கோல் வேண்டாம். கடல்நீர் ஏறிய குளத்தில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், இரண்டு டிரம் நல்ல தண்ணீர் முன்பே பிடித்து மூடி வைத்துவிடுங்கள்.

நிவாரணம் கிடைக்காததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதைத்த பிறகு யாராலும் சான்று தர முடியாது. செத்த மாட்டைக் காது வில்லையோடு போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லி, டாக்டர் பார்த்த பிறகே புதைக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின்போது அரசு அறிவித்த தொகை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். அரை நாள் காத்திருப்பது வீண் போகாது. குழி ஆறடி ஆழம், சுண்ணாம்பு தாராளமாக, கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி. ஒன்றே ஒன்று: திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வடிந்தால் அறுக்கவோ தோலை உரிக்கவோ யாரையும் விடாதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

ரோடு திறந்ததும் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும். புயல் இரவில் அந்த வண்டியால் உங்கள் ஊருக்கு வர முடியாது. அதனால் நைலான் கயிற்றை மாற்றிவிட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போடப் பழகுங்கள். வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லாரும் இருட்டில் அதை அவிழ்த்துப் பார்க்கட்டும். கட்டுத்தறிப் பக்கத்தில் ஓர் அரிவாளும் செருகி வையுங்கள்.