கருப்பு தோசைக்கரண்டி விஷமா, தூக்கிப் போடணுமா?

கேள்வி: அக்கா, பாரிஸ் கார்னர் பிளாட்பாரத்துல மூணு கருப்பு பிளாஸ்டிக் கரண்டி நூறு ரூபாய்னு நான்ஸ்டிக் தவாவுக்கு வாங்கினேன். இப்போ ஓரமெல்லாம் உருகி சொரசொரன்னு ஆயிடுச்சு. பழைய டிவி பாடியை உருக்கித்தான் இதெல்லாம் செய்றாங்க, விஷம்னு வாட்ஸப்ல வருது. பையனுக்கும் அங்கயே ஒரு கருப்பு கார் பொம்மை வாங்கியிருக்கேன், அவன் எப்பவும் அதை வாய்லதான் வச்சிருக்கான். நிஜமா அக்கா?
வாசகி, பெரம்பூர்

பதில்: ஓரம் உருகின கரண்டியை இன்னைக்கே எடுத்து போட்டுடுங்கம்மா. விஷமா இல்லையாங்கறதை அப்புறம் பேசலாம், உருகின பிளாஸ்டிக் தோசையோட சேர்ந்து வயித்துக்குள்ள போறது எப்படி பாத்தாலும் வேணாம்.

வாட்ஸப்ல வந்தது பாதி நிஜம். டிவி, கம்ப்யூட்டர் பாடியெல்லாம் சூட்டுல தீப்பிடிக்காம இருக்க புரோமின் உள்ள ரசாயனம் கலப்பாங்க, அதுல டெகாபிடிஇனு ஒண்ணை 2017லயே ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்னு பல நாடுங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துல ஒழிக்க வேண்டிய லிஸ்ட்ல சேத்துட்டாங்க. ஆனா ஏற்கனவே செஞ்ச டிவி எல்லாம் என்ன ஆகும், காயலான் கடைக்கு போகும், அங்கேருந்து உடைச்சு அரைச்சு உருக்கி மறுபடி சின்ன சின்ன மணியா வரும், பல கலர் கலந்தா அழுக்கு நிறம்தான் வரும், அதை மறைக்க கருப்பு சாயம் போட்டாப் போதும். அதனாலதான் கருப்பை சந்தேகப்படறோம். எல்லா கருப்பும் அப்படி இல்ல, ஆனா கண்ணால பாத்தோ மோந்து பாத்தோ பிரிக்க முடியாது. கொளுத்தி பாக்கறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, அந்தப் புகைதான் இன்னும் மோசம்.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா வீணா பயந்துடுவீங்க. 2024ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வை வச்சுதான் இந்த பேச்சு ஊரெல்லாம் பரவுச்சு, அதுல ஒரு கணக்கு தப்பு. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு இந்த டெகாபிடிஇ இவ்வளவு வரைக்கும் உள்ள போகலாம்ங்கற வரம்பு 4,20,000 நானோகிராம்னு வரணும், அதை 42,000னு போட்டுட்டாங்க, கரண்டியால உள்ள போறதா அவங்க சொன்னது 34,700, அதாவது வரம்புல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அப்புறம் திருத்தமும் போட்டாங்க. அதனால இத்தனை நாள் சாப்பிட்டதுக்காக தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. ஆனா கரண்டில அந்த ரசாயனம் இருந்தது பொய்யில்ல, அதுக்கு அங்க வேலையே கிடையாது.

எனக்கு வருத்தம் சட்டத்து மேலதான். நம்ம 2022 இ-வேஸ்ட் விதிப்படி புது டிவில இந்த வகை ரசாயனமும் ஈயமும் 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, காட்மியம் 0.01. நல்ல விதி, ஆனா அது எலக்ட்ரிக், எலக்ட்ரானிக் சாமானுக்குத்தான், அதே பிளாஸ்டிக் கரண்டியா மறுபிறவி எடுத்து பேரும் அட்ரஸும் இல்லாம பிளாட்பாரத்துக்கு வந்தா யாரு டெஸ்ட் பண்றது? விக்கிறவரை திட்டி புண்ணியமில்ல, அவருக்கே தெரியாது.

நான்ஸ்டிக்குக்கு மரக்கரண்டி இல்ல கொட்டாங்குச்சி அகப்பை வாங்குங்க. இரும்பு தோசைக்கல்லுன்னா எவர்சில்வர் திருப்பியே போதும்.

கரண்டியை விட எனக்கு பொம்மைதான் கவலை. 2021 ஜனவரி 1லேருந்து 14 வயசுக்கு உட்பட்ட பசங்க பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், உங்க கார்ல அது இல்லன்னா பையன் கைல குடுக்காதீங்க. முத்திரை இருந்தா கீழ இருக்கற லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டு பாருங்க, பொய்னு தெரிஞ்சா அந்த ஆப்லயே புகார் குடுக்கலாம், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் பண்ணலாம்.

வீட்ல பழைய டிவி கிடந்தா கிலோ கணக்குல போட்டுடாதீங்க, அங்கீகாரம் வாங்கின இ-வேஸ்ட் ஆளுங்க கிட்டயே குடுங்க.