கேளுங்கள், பேசுவோம்: தனிக் கொட்டடி

கேள்வி: தூக்குத் தண்டனை விதித்த அன்றே கைதியைத் தனிக் கொட்டடியில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அது தப்பு என்கிறார் எங்கள் தெரு வக்கீல். யார் சொல்வது சரி?
- வாசகி, திண்டுக்கல்

வக்கீல் சொல்வதுதான் சரி. 1894-ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, மரண தண்டனைக் கைதியைத் தனி அறையில் இரவும் பகலும் காவலில் வைக்கச் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹைகோர்ட் தண்டனையை உறுதி செய்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஆளைத் தனியே பூட்டிவிடுவார்கள். திஹார் சிறையில் அப்படிப் பூட்டப்பட்ட சுனில் பத்ரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1978-இல் தீர்ப்பு வந்தது. அந்த அமர்வில் இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத் துறையையும் கவனித்தவர். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர். மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பிரிவே பொருந்தும், அப்போதும் தனி அறை என்பது பாதுகாப்புக்குத்தானே தவிர மனித முகமே காட்டாமல் அடைப்பதற்கு இல்லை என்றது கோர்ட். 2014-இல் சத்ருகன் சௌகான் வழக்கில் இதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 36 வருடம் கழித்தும்! ஜெயில்கள் அந்தத் தீர்ப்பை எந்த லட்சணத்தில் மதித்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அதே பத்ரா தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்துகொண்டே, வார்டர் ஒருவர் இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததைப் பற்றி நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்தார்கள். எனக்கு இந்த வழக்கில் மறக்க முடியாதது அதுதான்.

கேள்வி: அப்படியானால் தனிமைச் சிறையே கிடையாதா?
- வாசகர், காரைக்குடி

உண்டு. கடுங்காவல் தண்டனையில் ஒரு பகுதியாகக் கோர்ட் விதிக்கலாம். மொத்தம் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தடவைக்கு 14 நாள்தான், நடுவில் இடைவெளி விட வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இது பாரதிய நியாய சன்ஹிதாவுக்கும் அப்படியே வந்துவிட்டது. புதிதாக எழுதும்போதாவது எடுத்திருக்கலாம்.

கேள்வி: கொலைகாரன் தனியாகக் கிடந்தால் என்ன? யாரும் அடிக்கவில்லையே!
- வாசகர், ஓசூர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் தனிமை அடியைவிட லேசானது என்று நினைக்காதீர்கள். 1829-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இதற்கென்றே ஒரு சிறையைத் திறந்தார்கள். ஆளைத் தனியாக விட்டால் மனம் திருந்துவான் என்று உண்மையாகவே நம்பிய நல்லவர்கள்தான் அதற்குப் பின்னால் இருந்தார்கள். இப்படி அடைக்கப்பட்டவர்களில் பலர் சித்தம் கலங்கிப்போனதையும் சிலர் தற்கொலை செய்துகொண்டதையும் 1890-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டே எழுதி வைத்தது.

அப்படியும் விடவில்லை. லூயிசியானாவின் அங்கோலா சிறையில் ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் ஒரு காவலரின் கொலை வழக்கில் அடைபட்டார். தான் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னார், தண்டனையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ரத்தானது. 6-க்கு 9 அடி அறை, தினமும் 23 மணி நேரம், ஏறக்குறைய 43 வருடம். 15 நாளுக்கு மேல் கூடவே கூடாது என்று ஐ.நா. 2015-இல் நெல்சன் மண்டேலா பெயரில் விதி வகுத்தபோதுகூட அவர் உள்ளேதான் இருந்தார். 2016 பிப்ரவரியில்தான் விட்டார்கள். அதே வழக்கில் சிக்கிய ஹெர்மன் வாலஸ் 41 வருடத் தனிமைக்குப் பிறகு 2013-இல் வெளியே வந்து, மூன்றே நாளில் புற்றுநோயால் இறந்துபோனார்.