இக்போ வாரத்துக்கு நான்கே நாள்

'எகே என்றால் திங்கட்கிழமை என மனப்பாடம் செய்தேன், அடுத்த வாரமே பொருந்தவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பொருந்தும்? எகே, ஒரியே, அஃபோ, ங்க்வோ என்பவை நைஜீரியாவில் இக்போ மொழி பேசும் மக்களின் சந்தை நாள்கள். இஸு என்னும் வாரம் இந்த நான்கோடு முடிந்துவிடுகிறது. எகேயும் திங்கட்கிழமையும் மறுபடி சேர 28 நாளாகும்.

ஆள் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒகேகே, ஒகோரியே, ஒகாஃபோர், ஒகோங்க்வோ: அந்தந்த நாளில் பிறந்த ஆண்பிள்ளைக்கு வைத்த பெயர்கள். எனக்கு வரிசை அப்படித்தான் மனத்தில் நின்றது.

அஃபோதான் தொல்லை. சந்தை நாள், ஆண்டு, வயிறு மூன்றுக்கும் எழுத்து ஒன்றே, தொனியில்தான் வேறுபாடு. காதால் கேட்டுப் பழகுங்கள். ஒன்வா நமக்கு எளிது: நிலவும் அதுவே, மாதமும் அதுவே, நம் திங்களைப் போல.