உத்தரவாதத் தொகை இருந்தும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி வீரரைப் பணம் தராமல் விடுவிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு வழி எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் பொதுவாகத் திறமைக் குறைவு, காயம், சம்பள உச்சவரம்பு (ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகையின் வரம்பு) என மூன்று காரணங்களுக்கு உத்தரவாதம் தரப்படும். இவற்றுக்காக விடுவித்தால் பணம் தந்தே ஆக வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அபராதம் அல்லது தடை வந்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருக்கும், சிக்கல் அங்கேதான்.

2019-இல் என்எஃப்எல் வீரர் அன்டோனியோ பிரவுனுக்கு நடந்ததைப் பாருங்கள். ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி அவருக்கு ஏறக்குறைய 3 கோடி டாலர் உத்தரவாதம் தந்திருந்தது. நன்னடத்தை மீறல் என்று 2 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாக அபராதம் விதித்து, அதையே காரணம் காட்டி மொத்த உத்தரவாதத்தையும் ரத்து செய்தது. செப்டம்பர் 7 அன்று, ஒரு போட்டியில்கூட ஆடாத நிலையில், அவரை விடுவித்தது.

இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தப்படி நடுவர் ஒருவர் விசாரிப்பார். அபராதம் நியாயமானதா, ரத்துப் பிரிவின் வாசகம் அதற்குப் பொருந்துகிறதா என்பவைதான் அங்கே முக்கியக் கேள்விகள். என் கருத்தில், அபராதம் போடும் அணியே அதனால் கோடிகளை மிச்சப்படுத்தவும் முடிவது வீரருக்கு அநீதி. கையெழுத்திடும் முன் முகவர் போராட வேண்டியது தொகைக்காக மட்டுமல்ல, அந்த ஒரு பிரிவின் வாசகத்துக்காகவும்தான்.